களியும் பிணியனும்

சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தக் காணொளி வந்துவிடுகிறது. ஊர் மாறும், ஆள் மாறுவார், காட்சி மாறுவதில்லை. பள்ளித் தாழ்வாரத்தில் உடை கலைந்து ஒருவர் கிடக்கிறார். பிள்ளைகள் தள்ளி நிற்கிறார்கள். படம் எடுப்பவரின் சிரிப்பு பின்னணியில் கேட்கிறது. மறுநாள் நாளிதழின் ஏழாம் பக்கத்தில் பணியிடை நீக்கச் செய்தி. அத்துடன் சமூகத்தின் அறச்சீற்றம் தணிந்துவிடுகிறது.

இதற்கு எங்கள் தரப்பு வைத்திருக்கும் மறுமொழியும் மாறுவதில்லை: “மன அழுத்தம்.” ஆசிரியனின் பாடு உங்களுக்கு என்ன தெரியும், வகுப்பறைக்குள் ஒரு நாள் வந்து நின்று பாருங்கள் என்பதாக அது நீளும். சிரிப்பவர்களோடு எனக்குப் பேச அதிகமில்லை. என் சண்டை இந்த இரண்டாம் தரப்போடுதான், ஏனெனில் நான் அந்தத் தரப்பைச் சேர்ந்தவன். பல ஆண்டுகள் அதை நம்பியும் இருந்தேன்.

என் துறையில் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயரும் ஊரும் வேண்டாம். அகநானூற்றை அவரைப் போல் நடத்தியவர்கள் சிலரே. உள்ளுறையை விளக்கும்போது கரும்பலகைப் பக்கமே திரும்ப மாட்டார், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசுவார், பின்வரிசைப் பையன்களும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ அவர் சட்டைப் பையில் கிராம்பு வைத்திருக்கத் தொடங்கினார். வண்டியின் பெட்டியில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். அது தண்ணீர் இல்லை என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். “தம்பி, இன்னிக்கு முடியல, அஞ்சாவது ஹவர் நீங்க பாத்துக்குங்க” என்பார். பார்த்துக்கொண்டேன். வாரத்தில் ஒரு நாள் என்றிருந்தது மூன்று நாளானது. வகுப்பு நடத்தியதாக அவர் பெயரில் பதிவேட்டில் கையெழுத்து விழுந்தது. துறைத் தலைவர் பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்தார். “பாவம்யா மனுசன், விடுங்க. என்ன டென்ஷனோ” என்பார் அலுவலகத்து அண்ணன். இதற்கு நாங்கள் நட்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

டென்ஷன் பொய் என்று சொல்ல வரவில்லை. அறுபது பேருக்கான வகுப்பில் எண்பது பேர். பருவத் தேர்வு முடிவதற்குள் விடைத்தாள் கட்டுகள். தர மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டென்றால் பாடம் நடத்திய நேரத்தைவிட, நடத்தியதற்குக் கோப்பு தயாரித்த நேரம் அதிகம். பிள்ளைகளின் கண் மேசைக்கு அடியில் கைப்பேசியில் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக ஒரே செய்யுளை நடத்துகிறவனுக்குத் தன் குரலே தனக்கு அலுத்துப்போகும் ஒரு கட்டம் வருகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எந்தப் புத்தாக்கப் பயிற்சியிலும் அதற்கு ஓர் அமர்வு கிடையாது. இவையெல்லாம் உண்மை.

ஆனால் இந்த அழுத்தம் ஆண்களுக்கு மட்டும் அளந்து வைக்கப்பட்டதா? எங்கள் துறையில் அப்போது மூன்று பெண் பேராசிரியர்கள் இருந்தார்கள். அதே எண்பது பேர், அதே கட்டுகள், போதாக்குறைக்கு வீட்டில் இரண்டாவது பணி நேரம். அவர்கள் யாரும் ஐந்தாவது மணி நேரத்தை என்னிடம் ஒப்படைத்ததில்லை. கௌரவ விரிவுரையாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ரூ.50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வரையறுத்த பின்னரும், சில ஆண்டுகள் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அவர்கள் பெற்றது ரூ.20,000. மே மாதம் வந்தால் அதுவும் இல்லை. அழுத்தம்தான் குடிக்கக் காரணம் என்றால் பாட்டில் அவர்கள் பையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? எங்களவர் வாங்கியது அதைப்போல் ஐந்து மடங்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. 2016 மே மாதம் முதல் டாஸ்மாக் கடை திறப்பது நண்பகல் 12 மணிக்கு. காலை பத்து மணிக்கு ஒருவர் வாயில் மணம் வருகிறது என்றால் அவர் முந்தைய இரவே வாங்கி, எடுத்துவைத்து, ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள். வகுப்பில் இன்னும் நடக்காத ஒன்றுக்காக எவரும் முந்தைய இரவே அழுத்தப்படுவதில்லை. மருத்துவர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள். நாள்பட்டுக் குடிப்பவரின் உடல், கடைசிக் குவளைக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நடுங்கத் தொடங்குகிறது. வியர்க்கும், குமட்டும், சுண்ணக்கட்டி கையில் நிற்காது. இரவு பத்து மணிக்கு முடித்தவருக்குக் காலை பத்து மணி என்பது அந்த நேரம்தான். அப்போது அவர் குடிப்பது கவலையை மறக்க அல்ல, கையை நிறுத்த. முதல் ஆண்டின் குடிக்கு மன அழுத்தம் காரணமாக இருந்திருக்கலாம். முதல் மணி நேரத்துக் குடிக்குக் காரணம் குடியேதான். அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது, நோய். ‘என்ன டென்ஷனோ’ என்ற எங்கள் பரிவு அந்தப் பெயரைச் சொல்லவிடாமல் ஆறு ஆண்டுகள் காத்தது.

பரிவு அத்துடன் நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் நால்வர் சேர்ந்து அவரை ஒரு கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டிவைத்தோம். இனித் தொடமாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்தார். சொன்னபடி தொடவும் இல்லை. மறுநாள் நள்ளிரவு வலிப்பு வந்தது. அடுத்த மூன்று நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினார். பல ஆண்டுகள் குடித்த உடலில் மதுவைத் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம், மருத்துவரின் கண்காணிப்பில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று அவசரப் பிரிவிலிருந்த இளம் மருத்துவர், தன்னைவிட இரு மடங்கு வயதும் நான்கு முனைவர் பட்டங்களும் கொண்ட எங்களுக்குச் சொன்னார். நான் கயிற்றை நிந்திக்கவில்லை. கயிறு கட்டியதோடு கடமை முடிந்ததென்று வீடு திரும்பியதைச் சொல்கிறேன்.

இலக்கிய நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொண்டாலும் சரி. தமிழ் கற்பிக்கிறவன் குடித்தால் அவனுக்கு இங்கே கூடுதலாக ஒரு சலுகை உண்டு. கணக்கு வாத்தியார் குடித்தால் குடிகாரர், தமிழ் வாத்தியார் குடித்தால் கவிமனம். கூட்டம் முடிந்த பிறகு விடுதி அறையில் நடப்பதே உண்மையான இலக்கியக் கூட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு மரபை நாமே வளர்த்திருக்கிறோம். எங்களவர் ஆசிரியர் அறையில் அடிக்கடி துணைக்கு அழைத்தது புறநானூற்று 235ஆம் பாட்டை. அதியமானும் ஔவையும் குடிக்கவில்லையா என்பார். நாங்களும் ரசித்துச் சிரிப்போம். அந்தப் பாட்டு ஒரு கையறுநிலை என்பதையும், கள் சிறிதளவே கிடைத்தால் தான் உண்ணாமல் பாடுகிறவளுக்குக் கொடுத்துவிட்ட ஒருவனை எண்ணி அழும் பாட்டு என்பதையும் அவருக்கு நினைவூட்ட எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. அவையில் பகிர்ந்து உண்டது அந்தக் கள். வண்டிப் பெட்டியைத் திறந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, தனியே விழுங்கியது அல்ல. சங்கப் பாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் முதலில் பாட்டை முழுக்கப் படிக்கலாம். (கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தியவரே குடித்திருந்தார் என்ற நகைமுரணை எழுதும்படி ஒரு நண்பர் சொன்னார். அது மிக எளிது, விட்டுவிடுகிறேன்.)

நன்னூலின் பொதுப்பாயிரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமை. ஆசிரியர் ஆகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. அழுக்காறு, அவா, வஞ்சம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கள் இல்லை. ஆனால் யாருக்கு நூல் சொல்லக் கூடாது என்ற மாணாக்கர் பட்டியலில் முதற்சொல்லே ‘களி’, கள்ளுண்டு களிப்பவன். குடிப்பவன் எதிரே உட்காரும் இடத்தில் இருக்கலாம் என்று பவணந்தி எண்ணிப் பார்த்திருக்கிறார், மேலே நிற்கும் இடத்தில் இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை போலும். அதே பட்டியலில் சற்றுத் தள்ளிப் ‘பிணியன்’ வருகிறான். களியையும் பிணியனையும் அவர் இரண்டு ஆட்களாகக் கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது குற்றமில்லை. இன்றும் நம் கல்வித்துறை அப்படித்தான் காண்கிறது என்பதே என் வழக்கு.

காச நோய் கண்ட ஆசிரியருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. இவருக்கு இருப்பவை இரண்டு. ஒன்று, இடமாற்றம். எங்கே? சாலை இல்லாத ஊருக்கு, மலைமேல் இருக்கும் பள்ளிக்கு, கேள்வி கேட்கப் பெற்றோருக்கு நேரமில்லாத இடத்துக்கு. தண்டனை அவருக்கா, அங்கே படிக்கும் பழங்குடிப் பிள்ளைகளுக்கா? மற்றொன்று பணியிடை நீக்கம். ஏறத்தாழப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வந்துகொண்டிருக்க, செய்ய வேலை எதுவும் இல்லாமல், நாள் முழுவதும் வீட்டில். குடிநோயாளியின் நோயை முற்றவைக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எவரும் திட்டமிட முடியாது. 2003 முதல் சில்லறைக் கடையைத் தானே நடத்தி, 2024-25இல் மட்டும் ரூ.48,000 கோடிக்கு மேல் ஈட்டிய அரசுதான் இந்தப் பணியாளர்களின் முதலாளியும் என்பதை இடையில் குறித்துவைக்கிறேன்.

ரயில் ஓட்டுநர் பணியேற்கும்போது கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். பின்னால் ஆயிரம் உயிர். பள்ளி வாசலில் கருவி வைக்கச் சொல்லவில்லை. அங்கே ஏதோ இழப்பு நேரும் என்று நிருவாகம் நம்புகிறது, இங்கே நம்பவில்லை, அவ்வளவுதான். சிகிச்சைக்கு வழியில்லாமலும் இல்லை. சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை 1980 முதல் இதற்காகவே இயங்கிவருகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநல மருத்துவத் துறைகள் இருக்கின்றன. இல்லாதது, ஆசிரியர் அறையில் ஒருவர் எழுந்து, “சார், நீங்க வகுப்புக்குப் போக வேண்டாம், மருத்துவமனைக்கு வாங்க. வரலைன்னா நான் முதல்வர்கிட்ட எழுதிக் கொடுப்பேன்” என்று சொல்வது. விடுப்பும் சிகிச்சையும் முதலில், அதையும் மறுத்தால் நடவடிக்கை. இதைச் சொல்கிறவனை ஆசிரியர் சங்கம் காட்டிக்கொடுப்பவன் என்று தூற்றும். தூற்றட்டும்.

எங்களவர் ஓய்வு பெறும் வயதை எட்டவில்லை. கல்லீரல். இரங்கல் கூட்டத்தில் நானும் பேசினேன், உள்ளுறை பற்றியும் சன்னல் பற்றியும்.

சென்ற ஆண்டு ஒரு தேர்வுப் பணியில் அவருடைய கடைசி முதுகலை அணியில் படித்த பெண்ணைச் சந்தித்தேன். இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியை. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்: “எங்க பேட்ச்சுக்கு மணிமிடை பவளம் நடத்தவே இல்லீங்க ஐயா. நோட்ஸ் வாங்கிப் படிச்சு எழுதினோம். இப்பவும் அந்தப் பகுதியிலேருந்து பாட்டு வந்தா எனக்குக் கொஞ்சம் பயம்தான்.”

அந்தப் பாடத்துக்கு உரியது ஐந்தாவது மணி நேரம். நான் அவர்களுக்கு அதில் யாப்பு நடத்திக்கொண்டிருந்தேன், எனக்குத் தயாரிப்பு வேண்டாத பாடம் என்பதால்.