பேரிங்கை மாத்துங்கன்னு சொல்லும் தம்பிகளுக்கு

"லேத்துல சத்தம் வருது"ன்னு சொன்னா போதும். "பேரிங் போச்சுண்ணே, மாத்திருங்க" என்று சென்னையிலிருந்து போனிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள் தம்பிகள். இலஞ்சியில் என் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும் பழைய லேத்தில் பால் பேரிங்கே கிடையாது, கன்மெட்டல் புஷ். எதை மாத்தச் சொல்றீங்க?

சாரல் மாசத்தில் நாள்கணக்கில் சும்மா கிடக்கும் வி-பெல்ட், புல்லியில் வளைந்தபடியே விறைத்துவிடும். ஓட்டினால் தொப்பு தொப்புன்னு அடிக்கும்; சூடேறினால் பெரும்பாலும் தானே அடங்கும். இதுக்குப் போய் ஸ்பிண்டிலைக் கழற்றினால், திரும்பச் செட்டிங் பண்ண நாலு நாள். கார் நடவு நேரத்தில் பம்பு சாஃப்ட் காத்திருக்குமா?

மொதல்ல பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்க. அப்பவும் சத்தம் இருந்தா மோட்டார்தான். இல்லைன்னா பெல்ட்டை மாட்டி, பக்கத்துக் கியர்களை விலக்கி ஓட்டுங்க. சத்தம் நின்னா கோளாறு அங்கே. சக் ஒரு சுத்துக்கு ஒரு 'டக்'குன்னா ஸ்பிண்டில் கியரில் பல் உடைஞ்சிருக்கான்னு பாருங்க. இத்தனையும் பார்த்து, புஷ்ஷுக்கு எண்ணெய் இறங்குதான்னும் பார்த்துட்டு அப்புறம் ஸ்பானரைத் தொடுங்க. பெல்ட்டைக் கழற்ற அஞ்சு நிமிஷம். காசு ஒண்ணும் ஆகாது.