பெயரின் வடிவம் இறைவனின் இயல்பை நிறுவுமா?

கிறித்தவ இறையியல் விவாதங்களில் இரண்டு வாதங்கள் ஓயாமல் திரும்பி வருகின்றன. ஒன்று: கடவுளின் பெயர் யெகோவா, அதை நீக்கிவிட்டுக் ‘கர்த்தர்’ என்றும் ‘ஆண்டவர்’ என்றும் எழுதியதால்தான் தந்தைக்கும் மகனுக்கும் உள்ள வேறுபாடு மங்கி, மூவொரு கடவுள் கோட்பாடு வேரூன்றியது. மற்றொன்று: எபிரேய விவிலியத்தின் முதல் வரியிலேயே கடவுளைக் குறிக்கும் ‘எலோகிம்’ என்னும் சொல் பன்மை, ஆகவே மூவொரு கடவுள் அங்கேயே இருக்கிறார். இவ்விரு தரப்பாரும் ஒருவரையொருவர் கடுமையாக மறுப்பவர்கள். ஆயினும் இருவருக்கும் அடிப்படை நம்பிக்கை ஒன்றே. ஒரு சொல்லின் ஒலியோ இலக்கண வடிவமோ அது சுட்டும் இறைவனின் இயல்பைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே அது. மொழியியல் நோக்கில் அந்நம்பிக்கை நிற்காது.

முதலில் ‘எலோகிம்’. வடிவத்தால் அது பன்மை என்பது உண்மை. ஆனால் தொடக்கநூலின் முதல் வரியில் அது ஒருமை வினையையே கொள்கிறது. அதே சொல் மோவாபியரின் கெமோசுக்கும் (நீதித்தலைவர்கள் 11:24) பெலிஸ்தியரின் தாகோனுக்கும் (1 சாமுவேல் 5:7) வழங்குகிறது. தாகோன் மூவராய் இருந்தான் என்று எவரும் வாதிடுவதில்லை. தமிழ் வாசகருக்கு இது புதிரும் அன்று. 1871-இல் வெளிவந்து, இன்று பழைய திருப்புதல் என வழங்கும் ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ என்னும் ஒருமை எழுவாய் ‘சிருஷ்டித்தார்’ என்னும் பலர்பால் ஈற்று வினையோடு முடிகிறது. எபிரேயத்தில் பெயர் பன்மை, வினை ஒருமை. தமிழில் பெயர் ஒருமை, வினை பன்மை வடிவம். அந்த ‘-ஆர்’ ஈற்றைக் கேட்டு ஒருவரும் தேவன் எத்தனை பேர் என்று எண்ணுவதில்லை. மரியாதை என்று அறிந்து கடந்துவிடுகிறார்கள். 325-இல் நைசியாவில் கூடிய சங்கம் வழக்காடியதும், மகன் தந்தையோடு ஒரே உள்பொருள் உடையவரா என்னும் வினாவைத்தான். எலோகிமின் பன்மை விகுதியை அன்று. மூவொரு கடவுளை ஏற்போர் தங்கள் வலுவான சான்றுகளை விட்டுவிட்டு இந்த விகுதியைப் பற்றிக்கொள்வது அவர்களுக்கே இழப்பு.

அடுத்தது ‘யெகோவா’. எபிரேய விவிலியத்தில் ஏறத்தாழ 6,800 இடங்களில் வரும் இப்பெயர் நான்கு மெய்யெழுத்துகளால் ஆனது. அதை உச்சரிக்கத் தயங்கிய யூத மரபு, அவ்விடத்தில் ‘அதோனாய்’, அதாவது ‘என் ஆண்டவர்’, என்று வாசித்தது. பிற்காலத்தில் உயிர்க்குறிகளை இட்ட மசோரெத்து அறிஞர்கள், வாசிக்கவேண்டிய சொல்லை நினைவூட்டும் வகையில் குறியிட்டார்கள். எழுதப்பட்ட மெய்களையும் வாசிக்கப்பட்ட சொல்லின் உயிர்களையும் சேர்த்துப் படித்ததில் பிறந்ததே ‘யெகோவா’. பழைய ஒலிப்பு ‘யாவே’ என்பதை ஒட்டியிருக்கும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

இதை வைத்து ‘யெகோவா’ என்போரை எள்ளுவதும் தவறு. பெயர்கள் மொழி கடக்கும்போது ஒலி மாறுவது இயல்பு. எபிரேய ‘யேசுவா’ கிரேக்கத்தில் ‘இயேசூஸ்’ ஆகி, தமிழில் ‘இயேசு’ ஆயிற்று. பழைய கத்தோலிக்க வழக்கில் ‘சேசு’ என்றும் நின்றது. சேசுவிடம் வேண்டியவரும் இயேசுவிடம் வேண்டியவரும் வெவ்வேறு ஆளை அழைக்கவில்லை. பிறழ்ந்த ஒலிப்பு வஞ்சகம் ஆகாது; திருந்திய ஒலிப்பு மெய்யறிவும் ஆகாது. ‘கர்த்தர்’ என்பதற்கு மூலமான வடசொல்லின் பொருள் ‘செய்பவர்’. தமிழ் இலக்கணத்தில் வினைமுதலைக் குறிக்கும் ‘கருத்தா’வும் அதுவே. ஆயினும் ஆலயத்தில் அச்சொல்லைக் கேட்பவர் இலக்கணக் கருத்தாவை நினைப்பதில்லை. சொல்லுக்குப் பொருளைத் தருவது அதை வழங்கும் சமூகத்தின் வழக்கு.

அப்படியானால் எந்தச் சொல்லை இட்டாலும் ஒன்றுதானா? இல்லை. மொழிபெயர்ப்பாளரின் தெரிவு கோட்பாட்டை நிறுவுவதில்லை. ஆனால் எந்தச் சான்று வாசகரின் கண்ணில் படும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. யோவேல் 2:32, நான்கெழுத்துப் பெயரைச் சொல்லி வேண்டுவோர் மீட்புப் பெறுவர் என்கிறது. உரோமையர் 10:13-இல் பவுல் அதை மேற்கோளாக எடுத்தாள்கிறார். அங்குள்ள கிரேக்கச் சொல் ‘கீரியோஸ்’. நான்கு வசனங்களுக்கு முன்பு இயேசுவுக்கு அவர் தந்த பட்டமும் அதுவே. கிறிஸ்துவின் இறைத்தன்மை குறித்த வழக்கில் இது தலையாய இடம்.

இந்தி, தெலுங்கு, மலையாள மொழிகளில் சீர்திருத்தச் சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கும் பதிப்புகள் யோவேலில் இறைப்பெயரை ஒலிபெயர்த்து அச்சிடுகின்றன. உரோமையரில் ‘பிரபு’ என்றோ ‘கர்த்தாவு’ என்றோ எழுதுகின்றன. அங்கே பெயர் தெரிகிறது, தொடர்பு மறைகிறது. தமிழின் பழைய திருப்புதல் இரண்டு இடத்திலும் ‘கர்த்தர்’ என்கிறது. இங்கே தொடர்பு தெரிகிறது, பெயர் மறைகிறது. யெகோவாவின் சாட்சிகளின் ‘புதிய உலக மொழிபெயர்ப்பு’ மூன்றாம் வழியில் சென்று, புதிய ஏற்பாட்டின் 237 இடங்களில், இவ்வசனத்திலும், ‘யெகோவா’ என இடுகிறது. கிடைத்துள்ள புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சுவடிகளில் இப்பெயர் இல்லை. பழைய ஏற்பாட்டின் சில தொன்மையான கிரேக்கப் படிகளில் எபிரேய எழுத்திலேயே பெயர் நின்றது மெய்தான். அது ஒரு கருதுகோளுக்கு இடம் தரலாம்; பவுலின் வரியைத் திருத்தும் உரிமையைத் தராது. ‘கீரியோஸ்’ அங்கே தந்தையைச் சுட்டுகிறதா, மகனையா என்று ஆராயவேண்டியவர் வாசகர். அவ்வினாவே எழாதபடி பக்கத்தை அமைப்பது மொழிபெயர்ப்பு அன்று, தீர்ப்பு.

தமிழுக்கென ஓர் எழுத்துச் சிக்கலும் உண்டு. ஆங்கிலப் பதிப்புகள் பல, நான்கெழுத்துப் பெயர் வரும் இடத்தைப் பெரிய எழுத்து வடிவில் அச்சிட்டு வேறுபடுத்துகின்றன. தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பாகுபாடு இல்லை. அதனால் பழைய திருப்புதல் சொல்லாலேயே வேறுபடுத்தியது: பெயருக்குக் ‘கர்த்தர்’, அதோனாய்க்கு ‘ஆண்டவர்’. திருப்பாடல் 110-இன் தொடக்கத்தில் இவ்விரு தமிழ்ச் சொற்களும் அருகருகே நிற்கின்றன. கூர்மையான ஏற்பாடு இது. ஆனால் புதிய ஏற்பாட்டில் ‘கீரியோஸ்’ என்பதற்கும் ‘கர்த்தர்’ வந்துவிடுவதால், எந்தக் ‘கர்த்தர்’ எபிரேயப் பெயரின் நிழல், எது வெறும் மரியாதைச் சொல் என்பதைத் தமிழை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது.

தீர்வு எளியது. பெயர் நின்ற இடத்தை ஒரு குறியால் காட்டலாம். மேற்கோளாக வரும் இடத்தில் மூல வசனத்தையும் அங்குள்ள சொல்லையும் அடிக்குறிப்பில் தரலாம். பின்பற்றும் நெறியை முன்னுரையில் ஒரு பத்தியில் விளக்கலாம். எந்தச் சபையும் தன் கோட்பாட்டை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

இக்குறிப்பு இல்லாததால் இழப்பு அறிஞருக்கு அன்று. அவரிடம் மூலநூல்கள் இருக்கின்றன. எபிரேயமும் கிரேக்கமும் அறியாது, கையில் ஒரே ஒரு தமிழ் விவிலியத்தை வைத்திருக்கும் வாசகரிடம், “உங்கள் வேதம் உங்களை ஏமாற்றிவிட்டது” என்று ஒரு துண்டறிக்கை வந்து சேர்கிறது. அவரிடம் விடை இல்லை. அவர் நம்பிக்கையை இழக்கிறார், அல்லது வினாவையே அஞ்சி மூடிக்கொள்கிறார். இரண்டுமே அவருக்கு நேரக்கூடாதவை. கடவுள் ஒருவரா, மூவொருவரா என்பதை அவர் நூலை முழுவதும் படித்து முடிவு செய்யட்டும். ஒரு விகுதியைக் காட்டியோ ஓர் ஒலிப்பைக் காட்டியோ அம்முடிவை அவர் கையிலிருந்து எவரும் பறிக்கவேண்டாம்.