கண்மாயில் அயிரைக்கு இடம் வேண்டும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் பத்திரிகை அலுவலகங்களுக்குத் தவறாமல் வந்து சேரும் படம் ஒன்று உண்டு. குளத்தங்கரையில் அதிகாரிகளும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் வரிசையாக நிற்பார்கள். நடுவில் ஒருவர் பிளாஸ்டிக் பையைக் கவிழ்க்க, அதிலிருந்து விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் தண்ணீரில் விழுந்துகொண்டிருக்கும். ‘டெங்குவைத் தடுக்கக் கம்பூசியா மீன்கள் விடப்பட்டன’ என்று கீழே ஒரு வரி இருக்கும். இந்தப் படம் இனி வரவே கூடாது என்பது நம் நிலை. பொது நீர்நிலைகளில் அயல்நாட்டு மீன் விடுவதை அரசு நிறுத்த வேண்டும். அங்கே தொன்றுதொட்டு வாழும் நாட்டுப் பொடிமீன்களுக்கு உரிய இடத்தைத் திருப்பித் தர வேண்டும்.

முதலில் டெங்கு விஷயத்தையே பார்ப்போம். அந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏரியையும் ஓடையையும் தேடிப் போவதில்லை. மூடாத சிமென்ட் தொட்டி, வாசலில் கிடக்கும் பழைய டயர், தேங்காய் சிரட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். அதற்காகக் குளத்தில் மீன் விடுவது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது போன்றது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசு சென்னை போன்ற நகரங்களில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பெருகுகிறது. அங்கே மீன் விடுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் வெளியே வர வழியில்லாத கிணறும், அடுத்த வெள்ளத்தில் ஊர் ஊராக நீர் பாயும் கண்மாயும் ஒன்றல்ல.

கம்பூசியாவின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்பகுதி. இத்தாலி வழியாக 1928-இல் இந்தியாவுக்கு வந்தது. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். கழிவுநீரையும் வெப்பத்தையும் தாங்கும். சுகாதாரத் துறைக்கு இதைவிட வசதியான பிராணி கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எதையும் தாங்கி எங்கும் பெருகும் அந்தக் குணமேதான் வினையும். கொசுப்புழுவைத் தின்னும் அதே வாய் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளையின் தலைப்பிரட்டையையும் தின்கிறது. தன்னைவிடப் பெரிய மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறுகிறது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைப்பதை 1982-இலேயே நிறுத்திக்கொண்டது. நம் தேசியப் பல்லுயிர் ஆணையமும் இதை அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அரசின் ஓர் அமைப்பு ஆபத்து என்று எழுதி வைத்ததை இன்னொரு துறை பை பையாகக் கொண்டுபோய் விடுகிறது.

அந்தக் குளத்தில் கொசுப்புழு தின்ன ஏற்கெனவே ஆள் இல்லையா என்ன? வாய்க்கால் ஓரம் குனிந்து பார்த்தால் நீர்மட்டத்தை ஒட்டியே மிதக்கும் ஒரு குட்டி மீன் தெரியும். மேலிருந்து பார்க்கும்போது அதன் தலை உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். வாய் மேல்நோக்கி அமைந்திருக்கும். நீர்ப்பரப்பில் தொங்கி மூச்சுவிடும் கொசுப்புழுவை அப்படியே கவ்வுவதற்கென்று அமைந்த உடம்பு அது. பொடிக் கெண்டைகளும் இதே வேலையைச் செய்கின்றன. காற்றையே சுவாசிக்கத் தெரிந்த பனையேறிக் கெண்டை, வேறு மீன் வாழ முடியாத குட்டையிலும் வாழும். (அந்த மீன் பனைமரம் ஏறியதைக் கண்டதாக 1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி சொன்ன செய்தி லண்டன் வரை போய்ச் சேர்ந்தது. மரம் ஏறுமா என்பது இருக்கட்டும். கரையேறித் தவழ்ந்து அடுத்த குட்டைக்குப் போவதை நம் ஊர்க்காரர்கள் நன்றாகவே அறிவார்கள்.) இவையெல்லாம் சம்பளம் கேட்காமல் செய்துவந்த வேலைக்கு வெளியாளை அழைத்து வந்திருக்கிறோம்.

கொசுவைவிடப் பெரிய விஷயம் சோறு.

மதுரைப் பக்கம் அயிரை வாங்கினால் உயிரோடுதான் வாங்க வேண்டும். மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும் மீன் என்பதால் வயிற்றில் மண் இருக்கும். தேங்காய்ப்பால் கலந்த தண்ணீரில் சற்று நேரம் நீந்தவிட்டால் மண்ணைக் கக்கிவிடும். பிறகு மண்சட்டியில் கல் உப்பைப் போட்டு, மீனையும் போட்டு, உள்ளங்கையால் சட்டியோடு சேர்த்து உரசி, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். தலை வெட்டுவதில்லை, முள் எடுப்பதில்லை. கொதிக்கும் புளிக்குழம்பில் கடைசியாகப் போட்டு இறக்கினால் கண், தலை, முள் எல்லாமே சோற்றோடு உள்ளே போகும். ஒரு தலைமுறைக்கு முன்பு இது காசு கொடுத்து வாங்கும் சாப்பாடு அல்ல. புதுவெள்ளம் வந்து கலுங்கு பாயும்போது நீரை எதிர்த்து ஏறும் மீனைத் துண்டை விரித்துப் பிள்ளைகள் பிடித்தார்கள்; வயல் மடையில் பறி வைத்து நடவு வேலைக்கு வந்த பெண்கள் பிடித்தார்கள். இன்று அதே அயிரை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியும் விற்கிறது. அசைவ உணவகங்களில் அது பெருமைக்குரிய பண்டம். பிடித்துத் தின்றவர்கள் அதை விலைப்பட்டியலில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இதில் இழந்தது ருசி மட்டும் என்றால் தலையங்கம் எழுத வேண்டிய தேவையில்லை. வங்கதேசத்தில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட், அங்குள்ள மோலா என்ற பொடிமீனை நூறு கிராம் எடுத்தால் அதில் சுமார் 2,500 மைக்ரோகிராம் உயிர்ச்சத்து ஏ இருப்பதை எடுத்துக்காட்டினார். அதில் பெரும்பங்கு கண்ணிலும் குடலிலும் இருக்கிறது. பெரிய மீனில் நாம் வெட்டி எறியும் பாகங்கள் அவை. கட்லா, ரோகுவின் சதையில் அந்த அளவு சில பத்துகளைத் தாண்டுவதில்லை. ட்ரினிடாடில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த அந்த அம்மையாருக்கு இந்தப் பணிக்காக 2021-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. எல்லாப் பொடிமீனும் மோலா ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனால் முள்ளோடு சாப்பிடும் எந்த மீனிலும் கால்சியம் வீணாவதில்லை. மோலாவின் நெருங்கிய உறவினங்கள் நம் குளங்களிலும் இருக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை. பெண்களிலும் பாதிக்கு மேல். கடலுக்குத் தொலைவான உள்மாவட்டங்களில் நெத்திலிக்கு இணையாக இலவசமாகக் கிடைத்த ஒரே பண்டம் இந்த ஓடை மீன்தான். அது காலியாகும்போது மாத்திரை கொடுத்து ஈடுகட்டலாம் என்று நினைக்கிறோம்.

பொடிமீன் தானாகக் காணாமல் போகவில்லை. அதை அப்புறப்படுத்தும் முறையைத் துண்டறிக்கை அச்சிட்டுக் கற்றுக்கொடுத்தோம். மீன் வளர்ப்புக் கையேடுகளில் கட்லா, ரோகு, மிர்கால் தவிர்த்த சிறிய இனங்களெல்லாம் ‘களை மீன்’. குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கைக் குளத்தில் கரைத்து அவற்றைக் கொல்ல வேண்டும் என்பது பாடம். புண்ணாக்கில் உள்ள சபோனின் மீனின் இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். தன் நிலத்தில் குட்டை வெட்டி மீன் வளர்ப்பவர் அதைச் செய்தால் அவர் தொழில், அவர் கணக்கு. மீன்பாசி ஏலத்தில் எடுத்த ஊர்க் கண்மாயில் அந்தப் பாடத்தைப் பின்பற்றும்போதுதான் வம்பு. குத்தகைதாரருக்கு நீர் இருக்கும் சில மாதங்கள்தான் கணக்கு. எடை ஏறும் மீன்தான் லாபம். நாம் ‘நம் ஊர் மீன்’ என்று நினைக்கும் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. 1952-இல் ஆப்பிரிக்காவின் திலேப்பியா வந்தது. ஜிலேபிக் கெண்டை என்று பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டோம். மலிவான புரதம் தந்தது, மறுக்கவில்லை. அதே நேரம், அது புகுந்த நீர்நிலைகளில் மற்ற மீன்களின் பங்கு குறைந்துகொண்டே போனதை எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார்.

கட்லாவை வெளியேற்று என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். இரண்டையும் சேர்த்து வளர்க்க முடியும் என்பதுதான் வங்கதேசக் குளங்கள் காட்டிய பாடம்: கெண்டை வகைகளோடு மோலாவை விட்டபோது பெரிய மீனின் விளைச்சல் குறையவில்லை. பெரிய மீன் சந்தைக்குப் போகிறது, சின்ன மீன் வீட்டுச் சட்டிக்கு வருகிறது. சின்னது அங்கேயே இனம் பெருக்குவதால் ஆண்டுதோறும் குஞ்சு வாங்கும் செலவும் இல்லை. ஒடிசா அரசு இதைப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் ஊராட்சிக் குளங்களில் நடத்திப் பார்த்திருக்கிறது. சத்துணவில் முட்டை வைத்து நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு இதில் ஒடிசாவைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் கூச்சம் எதற்கு?

ஓடைக்கும் ஆற்றுக்கும் வந்தால் சிக்கல் வேறு. அங்கே விடுவதைவிட எடுப்பதுதான் பிரச்சினை. மணல் போனால் அயிரை போகும். அதற்கு வீடே அதுதான். உருளைக்கல்லில் உதட்டை ஒட்டிப் பாசி மேயும் மீன்களுக்குக் கல்லும் ஓட்டமும் வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் பெயரையே தாங்கிய ஒரு கெண்டை உண்டு. அந்த ஆற்றுப் படுகையைத் தவிர அதற்கு வேறு உலகம் கிடையாது. 1954-இல் விவரிக்கப்பட்ட அந்த மீன் இன்று அழியும் ஆபத்திலுள்ள இனம். அது வாழும் ஆற்றில்தான், பாபநாசத்தில் படித்துறை மீனுக்குப் பொரி போட்டுக் கும்பிட்டுவிட்டு, பரிகாரம் என்று உடுத்திய துணியை அதே நீரில் விட்டுவிட்டு வருகிறோம். மலையடிவார ஓடைகளில் தோட்டா போட்டும் பிளீச்சிங் பவுடர் கொட்டியும் மீன் பிடிப்பது இன்னும் நின்றபாடில்லை. வெடியையும் விஷத்தையும் தடுக்க 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தை நாம் இன்னும் வாசித்து முடிக்கவில்லை போலும்.

ஓடைகளில் கட்டிக்கொண்டே போகும் தடுப்பணைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலத்தடி நீருக்கு அவை தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் செங்குத்தாக நிற்கும் கான்கிரீட் சுவரில் விரல் நீள மீன் ஏற முடியாது. முட்டையிட மேலே போக வேண்டிய மீன் சுவரடியில் முட்டி மோதி நாரைக்கு இரையாகிறது. பழைய கலுங்குகள் பலவற்றில் சரிவாகக் கல் பாவியிருப்பார்கள். அதில் நீர் மெல்லிய தகடாக வழியும், மீன் தொற்றித் தொற்றி ஏறும். புதிய தடுப்பணையின் ஒரு முனையில் அதேபோல் கல் சரிவு வைக்க மதிப்பீட்டில் பெரிய தொகை கூடிவிடாது. வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளருக்கு அதைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வர வேண்டும், அவ்வளவுதான்.

நாட்டு மீன் விடலாம் என்றால் குஞ்சுக்கு எங்கே போவது என்று சுகாதாரத் துறை கேட்கும். நியாயமான கேள்வி. ஓடும் ஆற்றில் மட்டுமே முட்டையிடும் கெண்டை இனத்தை ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிடவைத்து 1957-இல் உலகைத் திரும்பிப் பார்க்கவைத்த நாடு இது. ஜூலை 10-ஐ ஆண்டுதோறும் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுவதும் அதற்காகத்தான். அரசு மீன்குஞ்சுப் பண்ணைகளில் சில தொட்டிகளை அயிரைக்கும் கொசுப்புழு தின்னும் நாட்டு மீன்களுக்கும் ஒதுக்கினால் ஓரிரு மழைக்காலத்தில் குஞ்சு கிடைக்கும். அதுவரை நகரத்துக் கிணறுகளிலும் மூடிய தொட்டிகளிலும் மட்டும் கம்பூசியாவை வைத்துக்கொள்ளட்டும். வெள்ளம் போய்ச் சேரும் எந்த நீரிலும் அதை விட்டால் விட்டவர் பொறுப்பேற்க வேண்டும்.

மற்றவை அதைவிட எளிது. மீன்பாசி குத்தகை பசலிக் கணக்கில் போகிறது. பசலி ஜூலையில் பிறக்கிறது. அடுத்த ஏல அறிவிப்பிலேயே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: பொதுக் கண்மாயில் மீனைக் கொல்ல எதையும் கரைக்கக் கூடாது, மடைவாயிலும் வரத்து வாய்க்காலிலும் ஊர்க்காரர்கள் பறி வைத்தும் துண்டு விரித்தும் பொடிமீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்குள் வராது, அறுவடையில் சிக்கும் நாட்டுச் சிறுமீனில் ஒரு பங்கு அதே கண்மாயின் கடைசிக் குழியில் விடப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. மீன்வளத் துறையும் நீர்வளத் துறையும் உட்கார்ந்து பேசி வெளியிடும் ஓர் அரசாணை போதும். அதை ஜூலைக்கு முன் வெளியிட வேண்டும்.