ஸ்டாக் கார்னு சொல்லி நம்ம தலையில மொளகா அரைக்கறாங்க

கார் ரேஸுக்கும் நடுத்தரக் குடும்பத்துப் பசங்களுக்கும் ஏழாம் பொருத்தம்னு யாராவது சொன்னா, உடனே ஒரு பதில் ரெடியா வரும்: "அதுக்குத்தான் ஸ்டாக் கிளாஸ் இருக்கே!" ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே கார். பாதுகாப்புக்கு ரோல் கேஜ், சீட், பெல்ட் மட்டும் மாத்திக்கலாம், வேற எதையும் தொடக்கூடாது. அப்புறம் எல்லாம் டிரைவரோட திறமைதான்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எதையெல்லாம் மாத்தக்கூடாதுன்னு பக்கம் பக்கமா எழுதற விதிப்புத்தகம் செலவைக் குறைக்கறதே இல்லை. செலவை ஒளிச்சு வைக்குது, அவ்வளவுதான்.

பி.காம் படிக்கறவனுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. இஞ்சின் தெரியாட்டி போகுது, வரி தெரியும் :) வரி ஏய்ப்பு குற்றம். வரித் தவிர்ப்பு குற்றமில்லை, நல்ல ஆடிட்டருக்கு ஃபீஸ் கட்டினாப் போதும். ரேஸ்லயும் இதே கதைதான்.

அமெரிக்காவுல எஸ்.சி.சி.ஏ.ன்னு அமெச்சூர் ரேஸ் நடத்தற பெரிய சங்கம் இருக்கு. 1970கள்ல 'ஷோரூம் ஸ்டாக்'னு ஒரு வகுப்பு ஆரம்பிச்சாங்க. பேர்லயே கொள்கை இருக்கு. நடந்தது என்ன? ஃபேக்டரில செய்யற எந்தப் பாகமும் துல்லியமா ஒரே அளவுல இருக்காது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்னு ஒரு வரம்பு வெச்சிருப்பாங்க. காசு இருக்கறவன் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் குவியலா வாங்கி, எடை போட்டு, வரம்போட நல்ல ஓரத்துல இருக்கறதை மட்டும் பொறுக்கி இஞ்சின் கட்டுவான். எல்லாமே கம்பெனி பாகம், எல்லாமே சட்டப்படி சரி. ஆனா அது நீங்களும் நானும் ஷோரூம்ல வாங்கற இஞ்சின் கிடையாது.

டயர் கதை இன்னும் காமெடி. சாதாரண ரோட்டு டயர்தான் போடணும்னு விதி. புது டயர்ல பட்டன் உயரமா இருக்கறதால வளைவுல நெளியும், சீக்கிரம் சூடாகும். அதனால புது டயரை வாங்கி, அதை மெஷின்ல குடுத்துப் பாதி ரப்பரைச் சீவித் தள்ளிட்டு ரேஸுக்குப் போவாங்க. ரப்பருக்கு ஒரு காசு, அதே ரப்பரைத் தூக்கிப் போட இன்னொரு காசு. நம்ம ஊர்ல டயர் ரீட்ரெடிங் பண்றவர்கிட்ட சொன்னா மயக்கம் போட்டுடுவார்.

ஷோரூம் ஸ்டாக் இப்ப இல்லை. இன்னிக்கு அங்க புகழ் பெற்ற வகுப்பு 'ஸ்பெக் மியாட்டா'. பழைய மாஸ்டா மியாட்டா கார், எல்லாருக்கும் ஒரே சஸ்பென்ஷன் கிட், ஒரே டயர். ஏழைக்கேத்த ரேஸ்னு சொல்லித்தான் வளர்ந்தது. கார் மலிவுதான். முன்வரிசைக்கு வரணும்னா, அதுக்குன்னே இருக்கற பட்டறைகள்ல பல ஆயிரம் டாலர் குடுத்து 'ஸ்டாக்' இஞ்சின் கட்டிக்கணும். 2014ல லாகுனா செக்காவுல நடந்த தேசிய இறுதிப் போட்டியில, சிலிண்டர் ஹெட்ல கை வெச்சிருக்காங்கன்னு முன்னணியில வந்த பல பேரைத் தகுதி நீக்கம் பண்ணாங்க. இஞ்சினைப் பிரிச்சு உள்ள பார்த்தாத்தான் தெரியற அளவு சின்ன வேலை அது.

பிரிச்சுப் பார்க்கறதுக்கு யார் காசு கொடுக்கறது? எனக்கு எரிச்சலே இங்கதான். எதிராளி கார் மேல சந்தேகம்னா புகார் குடுக்கலாம், ஆனா பிரிச்சு மாட்டற செலவுக்கு முன்பணம் கட்டணும். கார் சரியா இருந்துட்டா பணம் போச்சு. அதாவது, விதியை மீற மட்டுமில்ல, விதியை அமல்படுத்தச் சொல்லக்கூட வசதி வேணும். பத்தாவது இடத்துல வர்ற பையன் மூணு பேர் மேல சந்தேகப்பட்டா அவன் சீசனே காலி. இதுக்குப் பேர் சமநீதியாம்!

சரி, வழி? வேலையை அளக்காதீங்க, விலையை அளங்க. அங்கேயே மண் தடங்கள்ல ஓட்டறவங்ககிட்ட ரொம்ப காலமா 'க்ளெய்ம்' விதி உண்டு. ரேஸ் முடிஞ்சதும், தோத்தவன் குறிச்ச தொகையைக் குடுத்து ஜெயிச்சவன் இஞ்சினைக் கேக்கலாம். தரமாட்டேன்னா வெற்றியும் புள்ளியும் போச்சு. ஐ.எம்.சி.ஏ. 1979ல ஆரம்பிச்ச மாடிஃபைட் வகுப்பு இதை நம்பித்தான் வளர்ந்தது. அஞ்சு ரூபாய்க்குப் பறிபோகக்கூடிய பொருள்ல எவன் அம்பது ரூபா போடுவான்?

2006ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்ச '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' இன்னும் ஒரு படி மேல. காரோட விலை 500 டாலருக்குள்ள இருக்கணும். தாண்டினா ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று கழிப்பாங்க. நடத்தறவங்க நெனச்சா 500 டாலரைக் கையில குடுத்துட்டு உங்க காரையே எடுத்துக்கலாம். (ஜட்ஜுக்கு லஞ்சம் குடுக்கறது அங்க ஒரு சம்பிரதாயமே. நம்மாளுங்க போனா பட்டையக் கிளப்புவாங்க.) பாதுகாப்புச் சாமான், பிரேக், டயர் எல்லாம் அந்தக் கணக்குல வராது, அந்த ஓட்டை இருக்கத்தான் செய்யுது. இருந்தாலும் கணக்கு வெளிப்படையா இருக்கு.

இது ஏதோ வெள்ளைக்காரன் மூளைன்னு நெனைக்காதீங்க. நம்ம வருமான வரிச் சட்டத்துலயே 1986ல இருந்து 2002 வரைக்கும் 20-சி அத்தியாயம்னு ஒண்ணு இருந்தது. நிலத்தை விலை குறைச்சுக் காட்டி கறுப்புப் பணத்துல கைமாத்தினா, நீங்க காட்டின விலைக்கே அரசாங்கம் வாங்கிக்கலாம். நோட்டுக் கட்டைத் தேடி ரெய்டு போகவே தேவையில்லை. க்ளெய்ம் விதியோட சித்தப்பா மகன்தான் அது.

எதிர்வாதம் இருக்கு, தெரியும். ராத்திரி பகலா ஒருத்தன் கையால கட்டின இஞ்சினைப் பணக்காரன் வந்து அள்ளிட்டுப் போகலாமான்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. அதுக்குத்தான் பல இடங்கள்ல கேக்கறவன் தன் இஞ்சினையும் கழட்டித் தரணும்னு வெச்சாங்க. எல்லாரும் கூடிப் பேசி யாரும் யார்கிட்டயும் கேக்கறதில்லைன்னு கூட்டணி போட்டுட்டா? அப்ப கேக்கற உரிமையை நடத்தறவங்களும் வெச்சுக்கணும், லெமன்ஸ் மாதிரி.

நம்ம இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வருவோம். எவ்வளவு மாத்தலாம்ங்கறதை வெச்சுத்தான் டூரிங் கார், சூப்பர் ஸ்டாக்னு இங்கயும் வகுப்பு பிரிச்சாங்க. அதுக்கு மாற்றா 2010ல போலோ கப் வந்தது. எல்லாக் காரும் கம்பெனியோடதா இருந்தது, பராமரிப்பும் அவங்களே பாத்துக்கிட்டாங்க. பணம் கட்டி உக்காந்து ஓட்டிட்டு வந்தாப் போதும்னு இருந்தது. சமம்ங்கறதுல குறை சொல்ல முடியாது. ஆனா அம்பத்தூர் லேத் பட்டறையில வேலை பாக்கறவனோட கைக்கு அதுல வேலையே இல்லாம இருந்தது. அவன் கட்டின வண்டி தடத்துல ஏறணும்னா, சூப்பர் ஸ்டாக் விதியில ஒரு தொகையை எழுதுங்க: இஞ்சின் இவ்வளவு, கேட்டா கொடுக்கணும். எவ்வளவுங்கறதை ஓட்டறவங்களே உக்காந்து, அவங்க வாங்கின பில்லையும் பட்டறைக் கூலியையும் வெச்சு வருஷா வருஷம் முடிவு பண்ணட்டும். கூலியைக் கண்டிப்பா சேர்க்கணும்.