கடலும் சிற்றாறும்

இங்கிலாந்தின் கோண்வால் கரையிலே, ரின்ராஜலிலிருந்து பொஸ்காசில் வரை ஏறக்குறைய 5 மைல் தூரம், செங்குத்துப் பாறைகளின் விளிம்பையொட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஒரு காலைப்பொழுது நடந்தோம். வலப்புறம் பசும்புல்; இடப்புறம் கிடுகிடு பள்ளத்திலே பொங்கும் அலைகள். கரணந் தப்பினால் மரணம்!

நண்பகலில் பொஸ்காசில் துறையை அடைந்தோம். பசியாறுவதற்குப் 'பப்' ஒன்றைக் காட்டினார்கள். நம்மூர்த் தவறணையை எண்ணித் தயங்கினோம். உள்ளேயோ, குழந்தைகளும் பாட்டிமாருமாகக் குடும்பங்கள் உணவருந்திக்கொண்டிருந்தன. பாணும் பாற்கட்டியும் ஊறுகாயும் எமக்குப் போதுமாயின.

கடலுக்கஞ்சி, 1584ஆம் ஆண்டிலே சேர் றிச்சட் கிறென்வில் கட்டுவித்த அணைச்சுவர் இன்றும் அத்துறையைக் காக்கின்றது. ஆனால், 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் அழிவு வந்தது கடலிலிருந்தன்று, மலையிலிருந்து! சில மணிநேரப் பெருமழையால் வேலன்சி என்னுஞ் சிற்றாறு பெருக்கெடுத்து, வாகனங்களைத் துறைக்குள் வாரிச் சென்றது. ஏறக்குறைய 100 பேரை ஹெலிகொப்டர்கள் மீட்டன, ஓருயிரும் மாளவில்லை. அதன்பின்னரே ஆற்றை அகலமாக்கினர்.

சீறுங் கடலுக்கு அணையிட்டோர், கொல்லையிற் சலசலத்த சிற்றாற்றை ஐயுறவில்லை. பெரும்பகைக்கு மதிலெழுப்பும் நாமும், நம் வீட்டுப் பின்புறத்தை ஒருகால் திரும்பிப் பார்ப்போமாக.