நாலு கம்பி கிடாருக்கு என்ன விலை?

ராஜபாளையத்தில் நாய்க்குட்டி வாங்கப் போகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? விவரம் தெரிந்தவர் எடுத்த எடுப்பில் "என்ன விலை?" என்று கேட்க மாட்டார். மூக்கு ரோஸ் நிறமா என்று பார்ப்பார். வெள்ளையில் வேறு நிறம் கலந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பார். தாய் எது, தகப்பன் எது என்று விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நகையை அடகு வைக்கப் போனாலும் இதே கதைதான். உரைகல் இருக்கிறது, தராசு இருக்கிறது, அன்றைய கிராம் விலை எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரையும் முழுதாக ஏமாற்றிவிட முடியாது.

ஆனால் இதே ஊர்களில் ஒரு பொருள் மட்டும் இன்னதென்று தெரியாமலே கைமாறிவிடும். அதுதான் பழைய பேஸ் கிடார்.

பேஸ் கிடாருக்கும் பிளவக்கல் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது! பிளவக்கல் அணைக்குப் போகிற வழிக் கிராமங்களிலிருந்து வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை ஒரு காலத்தில் அம்மன் கோயில் பொங்கல் என்றால் மெல்லிசைக் கச்சேரி இல்லாமல் இருக்காது. மேடையில் வாசித்ததில் பாதிக்கு மேல் இளையராஜா பாட்டு. மலைக்கு இந்தப் பக்கம் பிளவக்கல் என்றால், அந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது அவர் பிறந்த பண்ணைப்புரம். அவர் பாட்டுகளில் பேஸ் கிடார் சும்மா தாளத்துக்குத் துணை போவதில்லை, தனியாக ஒரு பாட்டே பாடும். சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் சசிதரன் வாசித்ததை ஊர் மேடையில் யாராவது வாசித்தாக வேண்டும். எனவே நல்ல குழு என்றால் அதில் ஒரு பேஸ்காரர் கட்டாயம் உண்டு.

பிறகு கீபோர்டு வந்தது. ஒரே ஆள் இடது கையில் பேஸை வாசித்துவிடலாம், இல்லாவிட்டால் பெட்டியே வாசித்துக்கொள்ளும் என்றானது. குழுவில் ஆள் குறைக்க நினைத்தபோது முதலில் வீட்டுக்குப் போனவர்களில் பேஸ்காரரும் ஒருவர். அவரோடு கிடாரும் போய்ப் பரணில் ஏறியது.

சரி, இப்போது காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு கணக்கு.

பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வருமானவரிக் கணக்கில் இயந்திரங்களுக்கு வழக்கமாகப் போடும் 15 சதவீதத் தேய்மானத்தை, குறைந்து செல்லும் மதிப்பு முறையில் போட்டுப் பாருங்கள். 10 ஆண்டில் மதிப்பு சுமார் 1,969 ரூபாய். 20 ஆண்டில் 388 ரூபாய். 30 ஆண்டில் வெறும் 76 ரூபாய்! புத்தகத்தைப் பொறுத்தவரை அந்தக் கிடார் செத்துவிட்டது.

சந்தை அப்படிப் பார்ப்பதில்லை. நல்ல கம்பெனியின் இசைக்கருவி முதல் இருபது, முப்பது ஆண்டுகள் விலை இறங்கும். பிறகு மெல்லத் திரும்பி ஏற ஆரம்பிக்கும். அதே மாதிரி கருவிகள் உலகத்தில் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது புத்தகக் கணக்கு. வாங்க வருகிறவருக்குத் தெரிந்தது சந்தைக் கணக்கு. நஷ்டம் வருவது இந்த இடைவெளியில்தான்.

பொருளாதாரத்தில் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரை புகழ்பெற்றது. 2001-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கும் அந்த ஆய்வுதான் அடிப்படை. பழைய கார் சந்தையில் காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் சந்தையே கெட்டுப்போகும் என்பது அதன் சாரம். பழைய கிடாரில் இது அப்படியே தலைகீழ்! வாங்குபவருக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. வாசித்தவர் இறந்துபோய், மனைவியோ பிள்ளைகளோ விற்கும்போது நிலைமை இன்னும் மோசம்.

"இது ரொம்பப் பழசும்மா. கம்பியெல்லாம் துரு. பேசவே பேசாது. உங்களுக்காக ரெண்டாயிரம் தர்றேன்."

கம்பியில் துரு என்பது ஒரு குறையே இல்லை. கம்பி மாற்றிக்கொள்கிற பொருள்தான். ஆனால் இதை எதிரில் நிற்கும் அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

அடையாளம் முதலில், விலை பிறகு

எலெக்ட்ரிக் பேஸ் கிடாரின் வரலாறு ரொம்ப நீளமில்லை. லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1951-ல். ஜாஸ் பேஸ் 1960-ல் வந்தது. 1965 ஜனவரியில் கம்பெனி சிபிஎஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்தவற்றுக்கு ஒரு விலை, பின் செய்தவற்றுக்கு வேறு விலை என்று சேகரிப்பாளர்கள் இன்றும் பிரிக்கிறார்கள். பாகங்கள் மாறாத 1960-களின் ஃபெண்டர் பேஸ் பல லட்சம் ரூபாய்க்குப் போகிறது.

வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் உள்ள தகட்டில் அல்லது தலைப்பகுதியில் ஒரு வரிசை எண் இருக்கும். ஆனால் தகட்டை மாற்றிப் பொருத்த முடியும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. கழுத்தைக் கழற்றினால் அடிப்பகுதியில் தேதி எழுதியோ முத்திரையிட்டோ இருக்கலாம். வால்யூம் திருகின் அடியிலும் ஓர் எண் இருக்கும். உதாரணமாக 1376620 என்றால், 137 என்பது சி.டி.எஸ். என்ற தயாரிப்பாளர், 66 என்பது 1966, 20 என்பது அந்த ஆண்டின் 20-வது வாரம். அந்தத் திருகு ஆதியிலிருந்தே இருப்பதுதான் என்றால், கிடார் அந்த வாரத்துக்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. மூன்று சாட்சியும் ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பலாம். நாய்க்குட்டிக்குத் தாய் தகப்பன் விசாரிப்பது மாதிரிதான் இதுவும்.

பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பதும் முக்கியம். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், அதாவது 1991-க்கு முன்னால், வெளிநாட்டுக் கிடார் ஊர்ப்பக்கம் வருவதே அபூர்வம். கொல்கத்தாவில் செய்த கருவிகள்தான் பரவலாகக் கிடைத்தன. அவற்றின் பெயர்களைப் பாருங்கள்: கிவ்சன், ஹோப்னர். அமெரிக்காவின் கிப்சன் வேறு, ஜெர்மனியின் ஹோஃப்னர் வேறு. ஓர் எழுத்துதான் வித்தியாசம், விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! பரணில் இருப்பது பெரும்பாலும் கொல்கத்தாக் கிடாராகத்தான் இருக்கும், அது சில ஆயிரங்களுக்கு மேல் போகாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழசும் புதையல் இல்லை.

அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். 1970-களில் ஜப்பானில் அமெரிக்க மாடல்களைப் பார்த்துச் செய்த கிடார்களை வெறும் காப்பி என்று இளக்காரமாகப் பார்த்தார்கள். இபானெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற கம்பெனிமேல் கிப்சனின் தாய் நிறுவனம் 1977-ல் வழக்கே போட்டது. இன்று அந்தக் காலத்து ஜப்பான் கிடார்களைத் தேடிப்பிடித்து வாங்க ஆள் இருக்கிறது.

பாலீஷ் போட்டால் போச்சு

விற்பதற்கு முன் வீட்டார் வழக்கமாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. "பார்க்க நல்லா இருக்கட்டும்" என்று கார்ப்பெயிண்டரிடம் கொடுத்து ஸ்பிரே அடிப்பது. இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. உயர்ந்த ரகக் கிடாரில் பழைய பெயிண்டைச் சுரண்டி மறுபடி அடித்தால் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது சந்தையில் பரவலான கணக்கு. கீறல், சொட்டை, வியர்வை பட்டு மங்கிய இடம் எல்லாமே அது அசல் என்பதற்குச் சாட்சி. பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டிருந்தால், கழற்றியதைக் கடாசாமல் ஒரு டப்பாவில் வைத்துக் கூடவே கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. ஐம்பது வருடம் தகவலே இல்லை. 2023-ல் சில ஆர்வலர்கள் சேர்ந்து தேடல் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது! உரிமையாளரிடம் திரும்பி வந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. திருடுபோவதற்கு முன்பே அது மறுபடி பெயிண்ட் அடித்த கிடார். கிடைத்தபோது பழுதாகவும் இருந்தது. ஆனால் அதன் மதிப்பை எந்தப் பழுதாலும் குறைக்க முடியவில்லை. எந்தக் கைகள் அதை வாசித்தன என்பது நிரூபணமாகிவிட்டதே! பழுது பார்த்து 2024 டிசம்பரில் லண்டன் மேடையில் அவரே அதை வாசித்தார்.

அதாவது ஒரு கிடாரின் மதிப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, அது எவ்வளவு மாறாமல் இருக்கிறது. இன்னொன்று, அதன் வரலாற்றை எவ்வளவு தூரம் நிரூபிக்க முடியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் வாசித்த கிடாருக்கு மெக்கார்ட்னி விலை வராதுதான். ஆனாலும் வாங்கிய ரசீது, குழுவின் பெயர் போட்ட திருவிழா நோட்டீஸ், மேடையில் அதே கிடாரோடு எடுத்த போட்டோ... இவை இருந்தால் வாங்குபவரின் நம்பிக்கை கூடும். நம்பிக்கை கூடினால் விலையும் கூடும்.

மதிப்பிடுபவர் வாங்கக் கூடாது

இந்தப் பிரச்சினையின் ஆணிவேர் இங்கேதான். வங்கியில் நகைக் கடனுக்குப் போனால் தங்கத்தை உரசிப் பார்க்கும் மதிப்பீட்டாளர் அந்த நகையை வாங்குவதில்லை. அவருக்குக் கிடைப்பது மதிப்பீட்டுக் கூலி மட்டும். பழைய கிடார் விஷயத்தில் "இதுக்கு இவ்வளவுதான் வரும்" என்று சொல்கிற வாயும், பணத்தை எண்ணிக் கொடுத்து எடுத்துப் போகிற கையும் ஒரே ஆளுடையது. குறைத்துச் சொன்னால் அவருக்கு லாபம். இப்படிப்பட்ட மதிப்பீட்டில் நியாயத்தை எதிர்பார்ப்பது எப்படி?

வியாபாரி என்றாலே திருடன் என்று சொல்ல வரவில்லை. பழைய கருவியை வாங்குபவர் அதைச் சரிசெய்ய வேண்டும், ஆள் கிடைக்கும்வரை முதலை முடக்கி வைத்திருக்க வேண்டும், விற்காமல் போனால் நஷ்டத்தைச் சுமக்க வேண்டும். அதற்கு அவர் லாபம் வைப்பது நியாயமே. ஆனால் எது சந்தை விலை, எது அவருடைய லாபம் என்று விற்பவருக்குப் பிரித்துத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு குறைத்துக் கொடுத்தால் அது வியாபாரம். தெரியாமல் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

செய்யக்கூடியது கடினமில்லை. மதுரையிலோ சென்னையிலோ கிடார் பழுது பார்க்கும் டெக்னீஷியன் ஒருவரிடம், "நீங்கள் வாங்க வேண்டாம், பார்த்துச் சொல்வதற்குக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். என்ன கருவி, எந்த வருடம், எந்தெந்தப் பாகம் மாறியிருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். பிறகு குறைந்தது மூன்று இடத்தில் விலை கேட்கலாம். கேட்கிற விலையை விட்டுவிட்டு, அதே மாதிரி கருவி உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதைப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் யார் வேண்டுமானாலும் எந்த விலையும் போடலாம்.

வெளிநாட்டு ஆள் வாங்க வந்தால் இன்னொரு சிக்கல். பல கிடார்களின் விரல் பலகை ஈட்டி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு ஈட்டி உட்பட அந்த இனம் முழுவதும் 2017-ல் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் 1992 முதல் உள்ள கடுமையான தடை அப்படியே இருக்கிறது. 1960-களின் அமெரிக்கக் கிடாரில் அந்த மரம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அனுமதி இல்லாமல் பார்சல் போடக் கூடாது.

சரி, பரிசோதித்துப் பார்த்து, அது சில ஆயிரம் ரூபாய்க் கொல்கத்தாக் கிடார் என்றே தெரிந்தால்? அப்போதும் நஷ்டமில்லை. சர்ச் பாடகர் குழுவிலோ கல்லூரி இசைக் குழுவிலோ பேஸ் கிடார் வாங்க வசதியில்லாத ஒரு பையனோ பெண்ணோ கட்டாயம் இருப்பார்கள். பரணில் கிடந்து கழுத்து வளைந்து போவதைவிட அங்கே வாசிக்கப்படுவது மேல்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் அவசரம் இருக்கிறது. கிடாரில் பொறித்த எண் இன்னும் ஐம்பது வருடம் அப்படியே இருக்கும். எங்கே வாங்கினோம், யார் கையிலிருந்து வந்தது, எந்தெந்த மேடையில் வாசித்தோம் என்பதைச் சொல்லக்கூடிய பேஸ்காரர்களுக்கு இப்போதே அறுபது, எழுபது வயது. எனவே உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பெரியவர் இருந்தால், கிடாரைத் துடைக்கப் போகாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.