ஃபார்மேட் அடிக்கும் முன்

"லேப்டாப் ஆன் ஆகவில்லை" என்று தூக்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோரின் லேப்டாப் ஆன் ஆகத்தான் செய்கிறது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, கருப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து ஓடி நிற்கிறது. அதற்குமேல் அசையாது. எங்கள் பிரம்மதேசத்தில் பக்கத்துத் தெருப் பெண் சொன்னதுதான் சரியான வர்ணனை: "ஆன் ஆவுது மாமா, உள்ளதான் போவ மாட்டேங்குது."

திண்டிவனத்தில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறாள். லேப்டாப் அவள் அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்தது. விண்டோஸ் அதில் நகர மாட்டேன் என்று அடம்பிடித்ததால், வகுப்புத் தோழன் ஒருவன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான். பேட்டரி செத்து வெகுநாளாகிறது. சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும். ஒரு சாயங்காலம் மழைக்கு முன்னால் காற்றடித்துக் கரண்ட் போனது, கூடவே லேப்டாப்பும் போனது. பிறகு கரண்ட் வந்தது, லேப்டாப் வரவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். திரையைப் பார்த்த மாத்திரத்தில், "ஓஎஸ் போயிடுச்சும்மா, ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்றிருக்கிறார்கள். ப்ராஜெக்ட் மொத்தமும் அதற்குள் இருந்ததால் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். நல்ல காரியம் செய்தாள்.

அந்தத் திரையில் கடைசியாக 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லும் அதன் பக்கத்தில் கர்சரும் நின்றன. அதற்கு மேலே காரணமே எழுதியிருந்தது: எஸ்டிஏ5 என்ற பார்ட்டிஷனில் கோப்பு அமைப்பு பழுதாகியிருக்கிறது, நீங்களே ஒருமுறை சோதனையை ஓட்டுங்கள் என்று. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. கடைக்காரர் அதைப் படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

லினக்ஸ் எழுந்து வருவது நாலு கை மாறி நடக்கிற வேலை. முதலில் பயாஸ், புதிய இயந்திரங்களில் யூஇஎஃப்ஐ, விழித்துக்கொண்டு எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று பார்க்கும். அது க்ரப் என்ற சிறு நிரலிடம் ஒப்படைக்கும். விண்டோஸா லினக்ஸா என்று பட்டியல் காட்டிக் கேட்பது க்ரப்தான். க்ரப் கெர்னலையும், அதற்குத் துணையாக இனிட்ராம்எஃப்எஸ் என்கிற தற்காலிகக் கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் உண்மையான டிஸ்க்கைக் கண்டுபிடித்துத் திறந்தபின் சிஸ்டம்டி என்ற நிரல் மற்ற எல்லாவற்றையும் எழுப்பும். எந்தக் கையில் வேலை நின்றது என்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. அதைத் திரையே சொல்கிறது. க்ரப் பட்டியலே வராமல் நேராக விண்டோஸுக்குப் போனால் சிக்கல் முதல் கையில். 'க்ரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால் இரண்டாவதில். இனிட்ராம்எஃப்எஸ் என்றால் மூன்றாவதில், அதாவது கெர்னல் எழுந்துவிட்டது, டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை. 'எமர்ஜென்சி மோட்' என்று வந்தால் கடைசிக் கட்டத்தில் ஏதோ ஒன்று முரண்டுபிடிக்கிறது. எஃப்எஸ்டேப் என்ற கோப்பில், இப்போது கணினியில் இல்லாத டிஸ்க்கின் அடையாள எண் இருப்பது இதற்கு வழக்கமான காரணம்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் நடந்தது இதுதான். லினக்ஸில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு, கோப்புகளின் அமைப்புத் தகவலை மாற்றுவதற்கு முன் 'இன்னது செய்யப்போகிறேன்' என்று ஜர்னல் என்ற பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். அதனால்தான் பலமுறை கரண்ட் போயும் ஒன்றும் ஆகாமல் தப்பித்திருக்கிறாள். அடி கொஞ்சம் பலமாக விழுந்தால், தானாகக் கை வைக்க அஞ்சி நம்மைக் கேட்கும். கேட்ட இடத்தில் எஃப், எஸ், சி, கே என்ற நாலெழுத்துக் கட்டளையை, 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று பொருள்படும் ஒய் குறியோடு, பார்ட்டிஷன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். சில நிமிடம் வரிகள் ஓடின. மறுபடி தொடங்கியதும் உள்ளே போனது. ப்ராஜெக்ட் பத்திரமாக இருந்தது.

ஓர் எச்சரிக்கை. திரையில் 'ஐ/ஓ எரர்' என்று வரிவரியாக வந்தால் இந்த வைத்தியத்தைத் தொடவே கூடாது. அப்போது டிஸ்க்கே சாகக் கிடக்கிறது; சோதனையை ஓட்டினால் இன்னும் சீக்கிரம் சாகும். முதலில் லினக்ஸ் ஏற்றிய லைவ் பென்டிரைவ் போட்டுக் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். ரிப்பேர் பிறகு.

மின்வெட்டும் செத்த பேட்டரியும் சேர்ந்தால் எங்கள் பகுதியில் லினக்ஸுக்கு வருவது பெரும்பாலும் இந்தச் சீக்குதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டிய பகுதி இது. காற்றடித்தால் கரண்ட் போகும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். பேட்டரி இல்லாத லேப்டாப்பை வைத்திருப்பவர்கள், மேகம் கருத்தால் ஷட்டவுன் செய்துவிடுவது நல்லது.

குற்றம் எப்போதும் நம் கரண்ட்டின் மேல்தான் என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்பு அப்டேட், விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக வைத்திருந்த பலருடைய கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. பழைய க்ரப்பில் இருந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்த அப்டேட். இரண்டையும் வைத்திருக்கும் கணினிகளைத் தொடாது என்று சொல்லியிருந்தார்கள், தொட்டது. 'ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது' என்று பொருள்படும் வரியைக் காட்டிவிட்டுக் கணினி அணைந்துபோனது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்து, அப்டேட் போட்ட தடையை நீக்கி, மறுபடி செக்யூர் பூட்டை இயக்கினால் சரியாகிவிடும். மைக்ரோசாஃப்ட் இதை முழுதாகச் சரிசெய்ய 2025 மே மாதம் ஆனது. அங்கேயும் ஃபார்மேட் தேவைப்படவில்லை.

லினக்ஸையே அப்டேட் செய்தபின் பூட் ஆகவில்லையென்றால் வேலை இன்னும் எளிது. க்ரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் பழைய கெர்னல் காத்துக்கொண்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நேற்றுவரை ஓடியது போலவே ஓடும். எழுத்தெல்லாம் ஓடி முடித்துக் கருப்புத் திரை மட்டும் நின்றால் கிராஃபிக்ஸ் கார்டின் சண்டை; பூட் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று சேர்த்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு லினக்ஸ் புதிதல்ல என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வீடுகளுக்குப் போயின. ஆன் செய்தால் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் பட்டியலில் வரும். அது, அரசு நிறுவனமான சி-டாக், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அந்த இரண்டாவது வரியை எத்தனை வகுப்பறைகளில் ஓர் ஆசிரியர் திறந்து காட்டியிருப்பார்? விண்டோஸ் கெட்டதும் கடைக்குப் போயிற்று, கடையில் ஃபார்மேட் ஆயிற்று, லினக்ஸ் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. லேப்டாப்பைக் கொடுத்த அரசு, அது நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு பக்கத் தாளாவது சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

கடைக்காரர்களை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். ஃபார்மேட்டுக்கு ஒரு ரேட் உண்டு. வரியைப் படித்து யோசிப்பதற்கு ரேட் கிடையாது. ஆனால் கல்யாண போட்டோவும் ப்ராஜெக்ட்டும் சேர்ந்து அழிகிறபோது, கடைக்காரருக்கு மிச்சப்பட்ட அரைமணி நேரத்துக்கு வாடிக்கையாளர் கொடுக்கிற விலை பெரிது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்களில் லினக்ஸ் போடுவது இனி கூடும்; பூட் ஆகாமல் நிற்பதும் கூடவே கூடும். விழுப்புரத்தில் 'விஜிளக்' என்று அழைக்கப்படும் குனு லினக்ஸ் பயனர் குழு, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறது. கணியம் இதழ் 2012 முதல் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. கேட்க ஆளில்லை என்று சொல்ல முடியாது.

முருக்கேரி, மரக்காணம், பிரம்மதேசம் பக்கத்துப் பிள்ளைகளே, லேப்டாப் உள்ளே போகாமல் நின்றால் முதலில் போனை எடுத்துத் திரையை ஒரு போட்டோ எடுங்கள். வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றிப் பள்ளி மேசையில் வைத்திருங்கள். டிஸ்க்கைத் தொடாமலே அதிலிருந்து கணினியை எழுப்பலாம், கோப்புகளை மீட்கலாம். செலவு அந்தப் பென்டிரைவின் விலை மட்டும்தான்.